பேச்சிக்கண்ணு படிச்ச ஜூ கீப்பர் கோர்ஸ்

ஒரு காட்டுல, அதாவது ரிசார்ட்டுக்காரங்க வளைச்சுப் போட்டது போக மிச்சம் கிடந்த காட்டுல, பேச்சிக்கண்ணுன்னு ஒரு முள்ளம்பன்றி இருந்தா. அவளோட முள்ளுல பாதிதான் முதுகுல. மீதி நாக்குல. மழை பெஞ்சாக்கூட "யாரைக் கேட்டுப் பெய்யுற?"ன்னு வானத்தோட மல்லுக்கு நிப்பா.

அவளுக்கு ஒரு தங்கச்சி, பேரு பவுனு. அந்தப் புள்ள ஒரு நாள் அடிவாரத்து மரவள்ளித் தோட்டத்துல கிழங்கைத் தோண்டித் தின்னுட்டு இருந்தப்போ, ஜீப்புல வந்தவங்க சாக்கைப் போட்டு அமுக்கித் தூக்கிட்டுப் போய் டவுன் ஜூவுல அடைச்சுட்டாங்க.

பேச்சிக்கண்ணு சும்மா இருப்பாளா? ஜூ மதிலுக்கு அடியில வளை தோண்டிப் பாத்தா. உள்ள பூரா சிமெண்டுத் தரை. நகம் உடைஞ்சதுதான் மிச்சம். உடைஞ்ச நகத்தை நக்கிக்கிட்டே யோசிச்சா. கூண்டுக்குப் பூட்டு இருக்கு. பூட்டுக்குச் சாவி இருக்கு. சாவி ஜூ கீப்பர் இடுப்புல தொங்குது. அப்போ நாமளே கீப்பர் ஆயிட்டா?

நேரமும் கூடி வந்துச்சு. டவுன் ஜூவுல இருந்த கீப்பருங்க எல்லாம் லீவே தர மாட்டேங்குறாங்கன்னு வேலைய விட்டு ஓடிட்டாங்க. "மிருகத்தைப் பத்தி மிருகத்துக்குத் தெரியாததா? காட்டுல இருந்தே ஆள் எடுங்க"ன்னு அங்க முடிவாச்சு. வேலைக்கு ஆள் எடுக்குறாங்கன்னு சேதி வந்தா முதல்ல முளைக்கிறது எது? கோச்சிங் சென்டர். காட்டுலயும் பழைய செக்போஸ்ட்டுல ஒண்ணு முளைச்சுது. பயிற்சிக்குன்னு ஒரு துருப்பிடிச்ச கூண்டு. வாத்தியாரு தங்கையான்னு ஒரு கருங்குரங்கு.

"நான் டவுன் ஜூவுல ரொம்ப வருஷம் சர்வீஸ் போட்டவன். மதில் இடிஞ்ச அன்னைக்கு வாலன்டரி ரிட்டயர்மென்ட் வாங்கிட்டு வந்தேன்"னு தங்கையா சார் முதல் வகுப்புல சொன்னாரு. காதுல குத்தியிருந்த தகரத் துண்டைத் தொட்டுக் காட்டி, "இது என் ஐடி கார்டு. உயிரே போனாலும் கழட்ட முடியாது. அவ்வளவு பர்மனன்ட் போஸ்ட்டிங்"னாரு.

எல்லாரும் கை தட்டுனாங்க. பேச்சிக்கண்ணு மட்டும் கேட்டா, "சார், சாவி எங்க?"

"சாவியா?"

"கீப்பர்னா சாவி வேணுமே சார்."

"எடுத்த எடுப்புலயே சாவியா? அதெல்லாம் கடைசி செமஸ்டர். உக்காரு."

முதல் பாடம், கம்பி பிடித்தல். எல்லாரும் கூண்டுக்குள்ள வரிசையா நின்னாங்க. "ரெண்டு கையாலயும் கம்பியப் பிடி. மூஞ்சி நடுவுல. பார்வை எங்கயோ தூரத்துல இருக்கணும், யாரையும் நேரா பாக்கப்படாது. அதுல ஒரு கெத்து இருக்கு"ன்னு சார் செஞ்சு காட்டுனாரு. ரெண்டாவது பாடம் ரோந்து. இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு நடக்கணும். திரும்பணும். மறுபடியும் நடக்கணும். மறுபடியும் திரும்பணும். அப்புறம் பொதுமக்கள் தொடர்பு. பாப்கார்ன் வீசுனா எந்தக் கையில பிடிக்கிறது, செல்ஃபி எடுத்தா எந்தப் பக்கம் முதுகைக் காட்டுறது, எல்லாத்துக்கும் நோட்ஸ் உண்டு.

மத்ததுங்க தலையத் தலைய ஆட்டிக்கிட்டு எழுதுச்சுங்க. பேச்சிக்கண்ணுக்கு முள்ளு ஒவ்வொண்ணா எந்திரிச்சுது.

"சார், ஒரு டவுட்டு. நீங்க ஜூவுல இருந்தப்போ பூட்டு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம்."

"யாரு பூட்டுவா?"

"மாரின்னு ஒருத்தன். என் அசிஸ்டென்ட்டு. காலையில பழம் கொண்டு வருவான், நான் சாப்பிடுவேன். நான் போட்டதை அவன் அள்ளுவான். நல்ல பையன், பாவம், வெயில்லயே நிப்பான்."

"சார், அந்த மாரிதான் கீப்பரு! நீங்க கூண்டுல கிடந்த குரங்கு!"

தங்கையா சார் கோபப்படல. பாவப்பட்டுத்தான் சிரிச்சாரு.

"ஏம்மா, உனக்கு உலகமே தெரியல. நிழல்ல உக்காந்திருந்தது யாரு?"

"நீங்க."

"சாப்பாடு யாரு இடத்துக்குத் தேடி வந்துச்சு?"

"உங்க இடத்துக்குத்தான். அதுக்காக..."

"இரு. டிக்கெட் எடுத்து, க்யூவுல நின்னு, புள்ளகுட்டியோட ஜனம் யாரைப் பாத்துட்டுப் போச்சு? மாரியையா? என்னைத்தானே? அப்போ எவன் அதிகாரி, எவன் அசிஸ்டென்ட்டு? நீயே சொல்லு."

"அப்ப எதுக்கு உங்களைப் பூட்டுனாங்க?"

"பெரிய ஆளுங்களுக்குப் பாதுகாப்பு குடுக்க மாட்டாங்களா? இதுகூடவா தெரியாது?"

ஏகாம்பரம்னு ஒரு கரடி பின்பெஞ்சுல இருந்து, "சார் சொல்றது பாயிண்ட்டு"ன்னு சொல்லிட்டு மறுபடியும் தூங்கிட்டான். அவன்தான் அந்த பேட்ச்சுல முதல் மார்க்கு. எந்தப் பாடம் நடந்தாலும் மூலையில சுருண்டு தூங்குவான். "ஜூ கீப்பருக்குப் பிறவியிலேயே வர வேண்டிய குணம்டா இது"ன்னு சார் அவனைக் காட்டிக் காட்டிச் சொல்லுவாரு.

ப்ராக்டிகல் வந்துச்சு. கம்பியப் பிடிக்கச் சொன்னா, பேச்சிக்கண்ணு கம்பிக்கு வெளியே கையை விட்டுப் பூட்டைப் பிடிச்சா. ஆட்டுனா, இழுத்தா, முள்ளை விட்டு நெம்புனா. "இதைத் திறக்கச் சொல்லிக் குடுய்யா! அதுக்குத்தானே வந்தேன்! என் தங்கச்சி அங்க உள்ள கிடக்குறா!"ன்னு கத்துனா. தடுக்க வந்த சாரோட பின்பக்கம் முள்ளு மேல உக்காந்துருச்சு. அன்னைக்குப் பூரா அவரு நின்னுக்கிட்டேதான் பாடம் எடுத்தாரு.

அந்த பேட்ச்சுல பெயிலானது அவ ஒருத்திதான்.

ஜூவுல இருந்து வேன் வந்துச்சு, நேர்முகத் தேர்வுக்கு எல்லாரையும் ஏத்துச்சு. பெயிலானவ வரலாமா கூடாதான்னு யாருக்கும் தெரியல. கேக்கலாம்னா பக்கத்துல போகணும், முள்ளு குத்தும். அதனால அவளும் ஏறிட்டா.

தேர்வு எடுக்க ஒரு ஆபீசரம்மா உக்காந்திருந்தாங்க. முதல்ல ஏகாம்பரம் போனான். அறைக்குள்ள நுழைஞ்சான், மூலையப் பாத்தான், சுருண்டு படுத்துத் தூங்கிட்டான். ஆபீசரம்மா எந்திரிச்சே நின்னுட்டாங்க. "கீப்பர் போஸ்ட்டுக்குத்தான் கூப்பிட்டோம். ஆனா இவ்வளவு பழக்கின கரடிய எவன் விடுவான்? இவனை இப்பவே உள்ள போடுங்க!" மயிலு ரோந்து நடந்து காட்டுச்சு, உள்ள போடுங்க. மான் கம்பி பிடிச்ச மாதிரி நின்னுச்சு, உள்ள போடுங்க. புள்ளைங்களுக்குத் துணையா வந்த தங்கையா சாரு ஜன்னல் வழியா தன்னோட பழைய கூண்டைப் பாத்து ஓன்னு அழுதாரு. அவருக்கும் மறுநியமனம்.

"பாத்தியா, நூத்துக்கு நூறு பிளேஸ்மென்ட்!"னு அவரு பேச்சிக்கண்ணைப் பாத்துக் கத்துனாரு. கதவு சாத்துனப்பவும் கத்திக்கிட்டுத்தான் இருந்தாரு.

கடைசியா பேச்சிக்கண்ணு. உள்ள போனவ மேசை மேல கிடந்த பூட்டைத் தூக்கிப் பாத்து, "இதுக்கு எண்ணெய் போட்டு எவ்வளவு காலம் ஆச்சு? ஆபீசா இது?"ன்னா.

ஆபீசரம்மா முகம் சுளிச்சாங்க. "இது காட்சிக்கு ஆகாது. வர்ற ஜனத்தோட சண்டைக்கு நிக்கும். வெளிவேலைக்குப் போடுங்க."

வாளி, விளக்குமாறு, ஒரு சாவிக்கொத்து. அவ்வளவுதான், பேச்சிக்கண்ணு ஜூ கீப்பர் ஆயிட்டா!

வாளிய அங்கேயே போட்டுட்டு ஓடுனா. பவுனோட கூண்டைத் தேடிக் கண்டுபிடிச்சா. சாவியப் போட்டுத் திறந்தா.

"பவுனு! அக்கா வந்துட்டேன்டி!"

உள்ள இருந்து பூசணிக்காய் மாதிரி ஒண்ணு உருண்டு வந்துச்சு. பவுனுதான். "அய்யோ அக்கா! ஏன் இப்படி எலும்பும் தோலுமா இருக்க?"

"அதை விடு, வா போலாம்."

"எங்க?"

"காட்டுக்குத்தான்டி!"

"இன்னைக்கு மரவள்ளிக்கிழங்கு போடுற நாள்க்கா. சாப்பிட்டுட்டுப் போலாம்."

சரின்னு பேச்சிக்கண்ணுதான் கிழங்கு வெட்டிப் போட்டா. கீப்பர் ஆச்சே. மறுநாள் தர்பூசணி. அதுக்கு மறுநாள் அவிச்ச சோளம். "நாளைக்குக் கண்டிப்பா கிளம்பிரலாம்க்கா"ன்னு தினமும் பவுனு வாய் நிறைய வச்சுக்கிட்டுச் சொல்லுவா. எதிர்க்கூண்டுல ஏகாம்பரம் தூங்குனான். பக்கத்துக் கூண்டுல இருந்து தங்கையா சாரு, "இங்க ஒரு ஓரமா இன்னும் கொஞ்சம் கூட்டும்மா"ன்னாரு. பேச்சிக்கண்ணு வெயில்ல நின்னு அள்ளுனா, கூட்டுனா, கழுவுனா. வயிறு ஒட்டிப் போச்சு.

ஒரு நாள் ஆபீசரம்மாகிட்டப் போய், "எனக்குச் சாப்பாடு எப்ப?"ன்னு கேட்டா.

"உனக்கா? மிருகங்களுக்குத்தான் சாப்பாடு சாங்ஷன்."

"நான் என்ன எம்எல்ஏவா? நானும் மிருகந்தானே!"

"உள்ள இருந்தா மிருகம். வெளிய இருந்தா ஸ்டாஃப். ரூல்ஸைப் படி."

பேச்சிக்கண்ணு விளக்குமாத்தை அவங்க மேசை மேலயே வச்சுட்டா. திரும்பி வந்தா. பவுனோட கூண்டைத் திறந்து போட்டு, "வர்றியா வரலையா? கடைசியாக் கேக்குறேன்!"னு கத்துனா.

பவுனு நிதானமா வெளிய எட்டிப் பாத்தா. அவ்வளவு வெயில். அவ்வளவு தூரம். "கதவைச் சாத்துக்கா, அனல் அடிக்குது. அப்புறம் கோவிச்சுக்காத, நேத்து வச்ச கிழங்குல தோல் சரியா சீவல. ஆபீசரம்மாகிட்ட சும்மா ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன்."

"என்னைப் பத்தியா? நீயா?"

"அக்காவா இருந்தா என்ன, வேலை சுத்தமா இருக்கணும்ல."

பேச்சிக்கண்ணு ஒரு முள்ளையும் தூக்கல. கூண்டுக்குள்ள போனா. கதவை இழுத்துச் சாத்துனா. கம்பிக்கு வெளியே கையை விட்டுத் தானே பூட்டுனா. அந்தப் பாழாப்போன ப்ராக்டிகல்ல கத்துக்கிட்டது! அப்புறம் சாவிக்கொத்தை ஓங்கி வீசுனா. அது போய் முதலைக் குளத்துல விழுந்துச்சு.

ஆபீசரம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. "ஏய்! நீ உள்ள போயிட்டா இனிமே யாரு கூட்டுறது?"

"ஆள் எடுங்க"ன்னா பேச்சிக்கண்ணு. "காட்டுல ஒரு கோச்சிங் சென்டர் காலியாத்தான் கிடக்கு."

அதுக்குள்ள டிக்கெட் எடுத்த ஜனம் வர ஆரம்பிச்சுது. பேச்சிக்கண்ணு ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சா. மூஞ்சிய நடுவுல வச்சா. யாரையும் பாக்காம எங்கயோ தூரமாப் பாத்தா.

பக்கத்துக் கூண்டுல தங்கையா சாருக்குக் கண்ணு கலங்கிருச்சு. "அப்படித்தாம்மா! பாஸ்! நீ பாஸும்மா!"

நீதி: வாத்தியாரு தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்தாலும் கவனமாக் கேட்டு வச்சுக்கோ. வேலையும் தப்பாத்தான் கிடைக்கும், அப்ப கரெக்டா உதவும்.