ஆஃப்சைடு அண்ணன் நீக்கிய பயிற்சியாளர்கள்

உலகத்தில் கால்பந்துப் பயிற்சியாளர் என்று பெயர் எடுத்த அத்தனை பேரையும் குறைந்தது ஒரு முறையாவது வேலையை விட்டு நீக்கிய மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஐரோப்பாவில் இல்லை. திருவண்ணாமலை செங்கம் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். நீக்கப்பட்டவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்பது ஒன்றுதான் குறை.

ஊரில் அவருக்கு ஆஃப்சைடு என்று பெயர். நேரில் ஆஃப்சைடு அண்ணன். கால்பந்தில், பந்து வருவதற்கு முன்பே எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு காத்திருப்பது குற்றம். அந்தக் குற்றத்துக்குத்தான் ஆஃப்சைடு என்று பெயர். அண்ணன் அந்தச் சட்டத்தை மனித வாழ்க்கை முழுவதற்கும் நீட்டித்துவிட்டார். கல்யாணப் பந்தியில் நாம் ரசத்தில் இருக்கும்போதே நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறவர் ஆஃப்சைடு. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர் ஆஃப்சைடு. மூத்தவனுக்கு முடிக்காமல் இளையவனுக்குப் பெண் பார்த்த குடும்பம் மொத்தமாக ஆஃப்சைடு.

இவ்வளவு சட்டம் பேசியவர் பந்து விளையாடியவரா என்றால், இல்லை. ஒரு முறை சாலையில் உருண்டு வந்த பந்தை உதைக்கப் போனார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. செருப்பு மட்டும் கிளம்பி எதிரே மெடிக்கல் ஷாப்புக்குள் போய் விழுந்தது. குனிந்து பந்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "காத்து கம்மி" என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் அப்போது வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அவர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். வாடகை கம்மி. அது ஏன் கம்மி என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. கீழே கடையில் அவர் பேசுவது மேலே தலையணைக்குள் கேட்கும். கடை ஓடியது அவர் மனைவி மல்லிகா அக்காவால். வாய் ஓடியது அவரால். அக்கா தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருப்பார். இவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தை வெட்டிக்கொண்டிருப்பார்.

உலகக் கோப்பை நடந்த வருஷம் அது. அண்ணன் ஒரு நாட்டுக்கு ஆதரவு. எந்த நாடு என்று எழுதமாட்டேன். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என் வீட்டைத் தேடி வருவார்கள். காலிறுதியில் அந்த நாடு தோற்றது. தடுக்கப் போனவன் கையில் பந்து பட்டதாக நடுவர் டிவியைப் பார்த்து பெனால்டி கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டே இறங்கி வந்தபோது கடையில் கூட்டம். ஜெயித்த நாட்டின் ஆதரவாளரான பேங்க் பாஸ்கர், வேலைக்குப் போகிற சட்டையோடு வந்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"பந்து கையில பட்டுச்சா, கை போய் பந்துல பட்டுச்சா? மொதல்ல அத்த சொல்லு" என்றார் அண்ணன்.

"பட்டுச்சு இல்லண்ணா. டிவியில பெருசாக்கிக் காட்டனாங்க."

"பெருசாக்கிக் காட்டனா கொசுகூட யானை மாதிரிதான் தெரியும். கை இல்லாதவனையா ஆடச் சொல்றாங்க? கைய எங்க வெச்சுக்குவான், வீட்லயா?"

"அப்ப நடுவர் மேல தப்புன்றீங்க."

"நடுவர் இன்னா பண்ணுவார் பாவம். தப்பு கோச் மேல. கையக் கட்டிக்கினு தடுக்கணும்னு அவன் சொல்லிக் குடுத்தானா? குடுக்கல. தூக்கு அவனை."

அவ்வளவுதான். காபி ஆறுவதற்குள் ஒரு மனிதரின் வேலை போய்விட்டது.

சில நாள் கழித்து, அரையிறுதியில் நடந்த இன்னோர் அநியாயத்தை விளக்க ஒரு கோடு தேவைப்பட்டது. பக்கத்தில் அப்போதுதான் தைத்து முடித்த சீட் கவர் ஒன்று இருந்தது. அடி அண்ணாமலையில் இளநீர்க் கடை வைத்திருப்பவருடைய வண்டிக்கான கவர். அதன் மேல் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பொத்தான்களை ஆட்டக்காரர்களாக வைத்து விளக்கினார். பாஸ்கர் ஒப்புக்கொள்ளவில்லை. கோடு அழிகிறது என்று குறை சொன்னார். அண்ணனுக்கு வெறி வந்து, கவரை மிஷினில் கொடுத்து, அந்தக் கோட்டின் மேலேயே வெள்ளை நூலில் ஒரு தையல் போட்டுவிட்டார்.

இளநீர்க் கடைக்காரர் வந்து, அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்: "இன்னாங்க இது, குறுக்கால?"

"அதுக்குப் பின்னாலயே உக்காருங்க" என்றார் அண்ணன். "முன்னால வந்தா ஆஃப்சைடு."

மல்லிகா அக்கா எழுந்து வந்து கவரைப் பிடுங்கித் தையலைப் பிரித்துக் கொடுத்தார். பிரித்த ஓட்டைகள் மட்டும் வரிசையாக நின்றன. அந்த மனிதர் மழைக்காலம் முழுவதும் நனைந்த சீட்டில் உட்கார்ந்து போனதாகக் கேள்வி.

பழைய பயிற்சியாளரை நீக்கியாகிவிட்டது, புதியவரை நியமிக்க வேண்டாமா? அந்த வேலை ஒரு மாதம் நடந்தது. பௌர்ணமி அன்று ரோட்டை அடைத்துவிடுவார்கள். கிரிவலத்துக்கு வருகிற ஜனம் போகவர இருக்கும், ஒரு வண்டி கடைக்கு வராது. அன்றைக்குத்தான் முழுநாள் அமர்வு. யாரோ ஒரு வெள்ளைக்காரர் பெயரை அண்ணன் முன்மொழிவார், பாஸ்கர் எதிர்ப்பார். வெளியூர்க்காரர் ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வழி கேட்க வந்து, நின்று கேட்டுவிட்டு, தன் கருத்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏங்க, நீங்க இங்க இருக்கறது அந்த நாட்டுக்காரனுக்குத் தெரியுமா?" என்று அக்கா மிஷினிலிருந்தே கேட்டார்.

"தெரியலன்னா அது அவன் நஷ்டம்."

ஆச்சரியம் என்னவென்றால், அந்த நாடு உண்மையிலேயே அண்ணன் சொன்ன ஆளையே நியமித்தது. அன்று காலை அவர் சாலையில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். மாலையில் நான் அலுவலகம் விட்டு வந்தபோது அவர் முகம் தொங்கியிருந்தது.

"தம்பி, அவன் சரிப்பட்டு வரமாட்டான். தூக்கிடணும்."

"அண்ணா, அவர் இன்னும் ஒரு மேட்ச்கூட ஆட வைக்கலையே."

"அதுக்குள்ள தூக்கிட்டாதான் டீமுக்கு நல்லது."

இதோடு நின்றிருந்தால் அவரை நான் ஒரு பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டிருப்பேன். ஆனால் அந்த ஆண்டே எங்கள் ஊர் டீம், சுற்றுவட்டாரத்தில் பெரிதாகக் கொண்டாடப்படும் போட்டி ஒன்றில் இறுதி ஆட்டம்வரை போனது. கீழ்பென்னாத்தூரில், அந்த ஊர் டீமோடு ஆட்டம். எங்கள் டீமுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஏழுமலை சார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். விடியற்காலையில் பையன்களை ஓடவிட்டு, அவர்களுக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றி, எட்டரைக்குப் பள்ளிக்குப் போய் மறுபடி விசில் ஊதுகிறவர். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. யாரும் நன்றியும் சொல்லவில்லை.

ஆட்டம் முடிகிற நேரத்தில் கீழ்பென்னாத்தூர்க்காரன் ஒருவன் அடித்த பந்து கோலுக்கு வெளியே போய், பக்கவாட்டு வலையில் இருந்த கிழிசல் வழியாக உள்ளே நுழைந்தது. நடுவர் உள்ளே கிடந்த பந்தை மட்டும் பார்த்தார். கோல் என்றார். நம் ஆட்கள் மைதானத்தில் இறங்கிக் கத்தினார்கள். கிழிசலுக்குள் தலையை விட்டுக் காட்டினான் ஒருவன். ஒன்றும் நடக்கவில்லை. தோற்றுத் திரும்பினோம்.

மறுநாள் கடையில் பஞ்சாயத்து. பாஸ்கர் நடுவரைத் திட்டினார். வேறு சிலர் வலையைத் திட்டினார்கள். அண்ணன் வழக்கம்போல் பயிற்சியாளரைத் திட்டினார். அந்த நேரம் பார்த்து ஏழுமலை சார் தன் வண்டி சீட்டை வாங்க வந்து வாசலில் நின்றார். வேறு யாராக இருந்தாலும் பேச்சை மாற்றியிருப்பார்கள். அண்ணனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"வாங்க சார். உங்களைத்தான் தூக்கிக்கினு இருந்தோம்."

ஏழுமலை சார் சிரிக்கவில்லை. "வலை கிழிஞ்சிருந்தா அதுக்கு நான் இன்னாங்க பண்றது?"

"மேட்ச்சுக்கு முன்னாடி வலையைச் சுத்தி வந்து பாக்கணும் சார்."

"உலகத்துல எந்தக் கோச் அப்படிப் பாக்கறான்?"

"எவனும் பாக்கறதில்ல. அதனாலதான் எல்லாரையும் தூக்கணும்னு சொல்றேன்."

சார் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி ரெக்சின் சுருளின் மேல் வைத்தார். "நாளைலேர்ந்து நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, சீட்டைக்கூட வாங்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கடையில் மிஷின் சத்தம் நின்றுவிட்டது.

"போய்க் கூப்பிடுங்க" என்றார் அக்கா.

"எதுக்கு? நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன். ஆனால் குரல் முன்போல் இல்லை.

இஸ்திரி போட்ட பேன்ட், கல்யாணத்துக்குப் போடுகிற ஷூ. இந்தக் கோலத்தில் அவர் மைதானத்துக்கு வந்த காலையை நான் மறக்கமாட்டேன். பையன்களை உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தார். வெயில் ஏறியது. பேச்சு நிற்கவில்லை. கோல்கீப்பர் உட்கார்ந்தபடியே தூங்கிப் பழகிக்கொண்டான். ஒரு வாரமாகியும் பந்து பைக்குள்ளேயே இருந்தது. கடைசியில் ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்தார். அவர் கையைத் தூக்கினால் தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் ஓடிவிட வேண்டும். பின்னால் நிற்கும் எதிரி அத்தனை பேரும் ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வார்கள். அவருடைய வாழ்நாள் தத்துவத்துக்கு மைதானத்தில் ஒரு கோயில்.

சோதித்துப் பார்க்க கீழ்பென்னாத்தூர்க்காரர்களையே ஒரு நட்பு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஞாயிறு காலை, நல்ல கூட்டம். தத்துவத்தில் பிழையே இல்லை. ஒரு சங்கடம்தான்: கையைத் தூக்காமல் அண்ணனுக்குப் பேச வராது. "பந்தைப் பாருடா" என்று கையைத் தூக்குவார். தடுப்பாட்டக்காரர்கள் மொத்தமாக முன்னால் ஓடிவிடுவார்கள். பந்தோடு ஓடி வருகிறவனுக்கு ஆஃப்சைடு கிடையாது, கோல்கீப்பர் மட்டும் தனியாக நிற்பான். கோல் விழும். "ஏண்டா ஓடனீங்க?" என்று மறுபடி கையைத் தூக்குவார். மறுபடி ஓடுவார்கள். டீக்காரரைக் கூப்பிடக் கையைத் தூக்கியதில் ஒன்று விழுந்தது. இடைவேளைக்குள் விழுந்த கோல்களை எண்ண ஒரு கை போதவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியபோது அண்ணனை மைதான ஓரத்தில் காணவில்லை. தேடினால், பார்வையாளர்களுக்கு நடுவில் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து நின்று கத்தினார்: "யார்ரா அந்தக் கோச்சு? மொதல்ல அவனைத் தூக்குங்கடா."

கூட்டம் சிரித்தது. பாஸ்கர் மெதுவாக அவர் சட்டையை இழுத்தார். "அண்ணா, அது நீங்கதான்."

"தெரியும். அதான் சொல்றேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. மைதானத்தில் அந்தப் பையன்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதை அவர் பார்க்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை என் வண்டியில் ஏறி உட்கார்ந்து, "வேங்கிக்கால் போ தம்பி" என்றார். ஏழுமலை சார் வீட்டு வாசலில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"சார், நீங்க வரணும்" என்றார் அண்ணன்.

"எதுக்குங்க? மறுபடியும் தூக்கறதுக்கா?"

"ஆமாம் சார்."

நான் தலையில் அடித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அண்ணன் தொடர்ந்தார். "பொய் சொல்ல மாட்டேன். நீங்க வந்தாலும் நான் பேசத்தான் பேசுவேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். ஆனா பசங்களுக்குத் தெரிஞ்சது நீங்கதான். நேத்து அவனுங்க மூஞ்சியப் பாத்தேன் சார். எனக்குச் சோறு எறங்கல."

சார் குடத்தைக் கீழே வைத்தார். உள்ளே பார்த்து, காபி கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டுத் தம்ளரை வைத்து, சார் கேட்டார்: "தடுக்கறவங்களை எல்லாம் எதுக்குங்க முன்னால ஓட வுட்டீங்க?" இவர் கையைத் தூக்கி விளக்க ஆரம்பித்தார். சார் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார்.

சார் மைதானத்துக்குத் திரும்பிய அன்றே, "வந்ததும் வராததுமா இடது பக்கத்தை ஓட்டையா வுட்டுட்டார் பாரு" என்று கடையில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. மனிதர் சொன்ன சொல் தவறமாட்டார்.

அடுத்த ஆண்டு அதே கீழ்பென்னாத்தூரில் எங்கள் டீம் ஜெயித்தது. சண்டை இல்லை, சர்ச்சை இல்லை, சுத்தமான ஒரே கோல். பையன்கள் ஏழுமலை சாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். நான் அண்ணனைத் தேடினேன். இந்த வெற்றியில் என்ன நொட்டை கண்டுபிடித்திருக்கிறார் என்று கேட்கத்தான். எங்கள் வேனுக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தார். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், கண்ணைத் துடைப்பதும் கையைத் தட்டுவதுமாக இருந்தார். ஜெயித்தால் என்ன பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை போலும். நான் சத்தமில்லாமல் வேனின் இந்தப் பக்கம் வந்து, அவரைத் தேடி வந்த பாஸ்கரிடம், "அண்ணன் இங்க இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.