ஆளளவுப் பாய்

இனிமேல் இந்த வீட்டில் தன் பேச்சுதான் என்று டெய்லர் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தார். முதலில் தையல் மெஷினிடம் சொல்லிப் பார்த்தார். அது எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் தைரியத்தில் மனைவியிடமும் சொன்னார்.

"சனிக்கிழமை தோட்டத்துல சிமென்ட் போடப் போறேன். கொத்தனார்கிட்ட சொல்லியாச்சு. துணி வெட்டுற மேஜைக்கு இடம் வேணும்."

"அங்க என் செடி இருக்கே."

"அது செடியா? எழுந்து நிக்கக்கூடச் சோம்பல்பட்டுத் தரையில கிடக்கு."

"நீலமாப் பூத்துப் பாயா விரியும்ங்க. வம்பு பண்ணினா பாயுமாம். நர்சரிக்காரர் சொன்னார்."

"பாயா விரியுமா, பாயுமா? ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும்தான்" என்று அவள் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

புதன் காலை செடி வீட்டுப் பக்கமாக ஒரு சாண் வந்திருந்தது. கண் மயக்கம் என்று நினைத்து, அதன் ஓரத்தில் இரண்டு குச்சி நட்டு நூல் கட்டினார். வியாழன் காலை நூலைக் காணோம். குனிந்து பார்த்தார். பூக்களுக்கு அடியில் ஒரு சாண் உள்ளே கிடந்தது. எடுக்கக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி போய்ப் பார்த்தார். நீலப் பாயின் நடுவே வெறும் மண். தலை, தோள், நீட்டிய கால்கள். ஒரு ஆள் படுத்து எழுந்த இடம். காற்றே இல்லை. ஓரத்துப் பூக்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். தோள் பதினேழரை. உயரம் அஞ்சடி நாலு. யாருடைய அளவு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் அவர் உள்ளே புகுந்துகொள்கிற சட்டையின் அளவுதான். இடுப்பு மட்டும் ஒரு இஞ்ச் கூட இருந்தது. அந்த ஒரு இஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்.

பின்னால் மனைவி வந்து நின்றாள். "பாய் விரிச்சாச்சு. படுக்கத்தான் ஆள் பாக்குது போல."

டெய்லர் நேரே போய்க் கொத்தனாருக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு வராதப்பா."

"ஏன் சார்?"

"செடி சம்மதிக்கலை."

அன்று மாலை ஒரு கோட்டுக்கு மாதிரி வெட்டப் பிரவுன் பேப்பர் தேடினார். மேஜைக்கு அடியில் ஒரு முழு ஆள் மடித்துக் கிடந்தான். பேப்பர் ஆள். ஓரமெல்லாம் ஈர மண். நெஞ்சில் மனைவியின் கையெழுத்தில் அளவுகள், அவருடைய அளவு நோட்டைப் பார்த்தே எழுதியவை.

"அடிப்பாவி, நீதானா?"

"இதை மண்ணுல வச்சு உள்பக்கம் செடியைப் பிடுங்கினேன். அவ்வளவுதான்."

"ரெண்டு நாளா நகர்ந்து வந்துச்சே?"

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "அது நான் இல்லைங்க."

டெய்லர் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. தொழில்காரருக்கு மிச்சமிருந்த ஒரே மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார். "எது எப்படியோ, இடுப்புல ஒரு இஞ்ச் தப்பு."

"நோட்டுல இருந்தது பழைய அளவு. இடுப்பை மட்டும் ராத்திரி நீங்க தூங்கும்போது புதுசா எடுத்தேன்" என்றாள் அவள்.