ஜெவானின் கண்டிக்கத்தக்க முன்னேற்றம்

"முன்னேற்றமா? எனக்கா?"

ஜெவான் கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்தான். மேலே ஏதோ ஒரு முத்திரை. கீழே விஷயம்: மாணவரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படுவதால், வெள்ளிக்கிழமைக்குள் அவர்மீது உருப்படியான புகார் எதுவும் வராதபட்சத்தில், திங்கள் முதல் பழைய பள்ளிக்கே திருப்பி அனுப்பப்படுவார்.

"கையெழுத்துப் போடு," என்றார் அலுவலகத்து மிஸ் ஃபெர்ன், வாழைக்காய் வறுவலை மென்றுகொண்டே.

"நான் என்ன மிஸ் முன்னேறினேன்?"

"எனக்கென்ன ராசா தெரியும்? நான் குடுக்கிறவ."

கேள்வியில் நியாயம் இருந்தது. ஜமைக்காவின் மே பென் ஊரில் மற்ற பள்ளிகள் கைகழுவிவிட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் மறுவாய்ப்புப் பள்ளி அது. அவன் அங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. அதற்குள் அவன் எழுதியதிலேயே நீளமான படைப்பு அவனுடைய பெயர்தான்.

பழைய பள்ளியின் துணை முதல்வர் லிண்டோ தினமும் காலையில் அளவுகோலோடு வாசலில் நிற்பவர். காக்கிக் கால்சட்டையின் கீழ்ப்பட்டி அகலம் எட்டு அங்குலத்துக்குக் குறைந்தால், இறுக்கம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒருநாள் ஜெவான் அந்த அளவுகோலை வாங்கி, குனிந்து, அவருடைய கால்சட்டையை அளந்தான். ஏழரை. அதைச் சத்தமாக வேறு சொன்னான். அத்தோடு அந்தப் பள்ளி முடிந்தது.

இங்கே அளவுகோல் கிடையாது. காலையில் வேர்க்கடலைக் கஞ்சி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டறையில் பழைய மினிபஸ் இஞ்சின் ஒன்று அறுபத்தொரு பாகமாகப் பிரிந்து கிடந்தது. பிரித்தவன் ஜெவான். எந்தத் திருகு எங்கே போகும் என்று இந்த உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை அவன் போய்விட்டால் அது பழைய இரும்பு.

கிமானியிடம் யோசனை கேட்டான். கிமானி அவனுடைய நண்பன். போன வருடம் மூன்று சான்றிதழ் வாங்கியவன். எப்படி வாங்கினான் என்று மட்டும் யாரிடமும் சொல்லமாட்டான்.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? கெட்டுப் போ. நமக்கு என்ன அது புதுசா?"

புதன்கிழமை ஜெவான் கணக்கு வகுப்புக்கு மட்டம் போட்டு, பள்ளிக்கு நேர் எதிரே, எல்லோர் கண்ணிலும் படும்படி, மதுக்கடை வாசலில் உட்கார்ந்து கடைக்காரரோடும் கிமானியோடும் டாமினோ ஆடினான். எதிர்பார்த்தபடியே கணக்கு வாத்தியார் பர்னெட் கோபமாகத் தெருவைக் கடந்து வந்தார். ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைவாக இருந்தது. ஒரு ஸ்டூலும் காலியாக இருந்தது. பர்னெட் சார் பலவீனமான மனிதர்.

ஆறு ஆட்டம் முடிந்தது. ஆறிலும் சார் தோற்றிருந்தார். ஜமைக்காவில் ஆறுக்குப் பூஜ்யம் தோற்றவன் அதை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை.

"யார் கையில என்ன காய் இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"அஞ்சு கேட்டப்ப ரெண்டு தடவை பாஸ் சொன்னீங்களே சார். அப்ப உங்ககிட்ட அஞ்சு இல்ல. கடைக்காரர்கிட்ட ரெண்டு அஞ்சு. மிச்சம் எங்க போகும்? கிமானிகிட்டதான்."

பர்னெட் சார் கையோடு கொண்டுவந்த மாணவர் பதிவேட்டைத் திறந்தார். ஜெவான் பெயருக்கு நேரே எழுதினார்: 'நிகழ்தகவு. தானாகவே கற்றிருக்கிறான். பாராட்டுக்குரியது.'

"என்னடா இது?" என்றான் கிமானி. "ஒழுங்காக் கெட்டுப்போகக்கூடத் தெரியலையே உனக்கு."

"அம்மாவே புகார் குடுத்தா எப்படி?"

"உங்க அம்மா குடுப்பாங்களா?"

"நான் குடுப்பேன்."

அன்று சாயங்காலம் அம்மா டெல்ரீத்தாவின் பெயரில் ஜெவான் ஒரு புகார்க் கடிதம் எழுதினான். முதலில் அரைப் பக்கம்தான் வந்தது. அம்மா அரைப் பக்கத்தில் நிறுத்துகிற ஆள் இல்லை, யாரும் நம்பமாட்டார்கள் என்று கிழித்துப் போட்டான். நான்காவது தடவை மூன்று பக்கம் வந்தது. அதில் மகன் பக்கத்து வீட்டு ஆட்டை விற்றிருந்தான். சர்ச் காணிக்கைத் தட்டில் சோடா மூடி போட்டிருந்தான். பெற்ற வயிறு இரண்டு இடத்தில் பற்றி எரிந்தது.

வியாழன் காலை தலைமையாசிரியை மிஸ் வின்சம் அதைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டார். டெல்ரீத்தா சந்தைக் கடையை அப்படியே விட்டுவிட்டு, ஏப்ரனோடு வந்து சேர்ந்தார்.

"இதை நான் எழுதலை மிஸ். எனக்குக் கோபம் வந்தா எழுதிக்கிட்டா இருப்பேன்? செருப்புதான் பேசும்."

"அப்ப வேற யாரு?"

டெல்ரீத்தா கடிதத்தை வாங்கிப் படித்தார். முதல் பக்கத்தில் பல்லைக் கடித்தார். இரண்டாம் பக்கத்தில் சிரித்தார். மூன்றாம் பக்கத்தில் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னை மாதிரியே பேசுறான் மிஸ். இவனா இவ்வளவு எழுதினான்?" அந்தக் கண்ணீரோடேயே, கதவோரம் நின்ற ஜெவானிடம் திரும்பினார். "ஏண்டா, ஆட்டை வித்தியா?"

"இல்லம்மா. அது கற்பனை."

பதிவேட்டில் இரண்டாவது பாராட்டு ஏறியது. கடிதத்தை அன்று மதிய ஜெபக்கூட்டத்தில் வாசித்தார்கள். இரண்டு மாணவிகள் அழுதார்கள்.

மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும். ஜெவான் துணிந்துவிட்டான். அன்று இரண்டு மணிக்குப் பொறியியல் தேர்வு. பட்டப்பகலில், சாப்பாட்டு மணி அடித்த நேரம், தலைமையாசிரியை அறைக்குள் ஜன்னல் வழியாக இறங்கி வினாத்தாளை எடுத்துக்கொண்டான். பிடிபட வேண்டும் என்பதற்காக அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தான். மிஸ் வின்சம் வருவதற்குள் பொழுது போகட்டும் என்று படிக்கவும் ஆரம்பித்தான். அங்கேதான் சறுக்கினான்.

கதவு திறந்தபோது அவன் கையில் சிவப்புப் பேனா இருந்தது.

"என்ன ஜெவான் இது?"

"திருட்டு மிஸ்," என்றான் மரியாதையாக. பிறகு பொறுக்கமுடியாமல், "ஆனா ஏழாவது கேள்வி தப்பு மிஸ். நாலு சிலிண்டர்லயும் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு வரிசையா தீப்பொறி குடுத்தா நம்ம பஸ் இஞ்சின் ஓடுமா? ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. யாரு மிஸ் இதை எழுதினது?"

"நான்தான்."

"சாரி மிஸ்."

மிஸ் வின்சம் அவன் தோளுக்கு மேலாக வினாத்தாளைப் பார்த்தார். ஒன்பதாவது கேள்வியும் திருத்தப்பட்டிருந்தது. பதினொன்றின் பக்கத்தில் சின்னதாக ஒரு படம் இருந்தது. அவர் பதிவேட்டை எடுத்தார்.

"வேண்டாம் மிஸ்!" ஜெவான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "புகார் எழுதுங்க மிஸ், ப்ளீஸ். என்னை அனுப்பிடாதீங்க. அந்த இஞ்சினை வேற யாராலயும் திரும்பச் சேர்த்துப் பூட்ட முடியாது."

"நீ எழுதி வெச்சா பூட்டலாமே," என்றார் மிஸ் வின்சம், எழுதுவதை நிறுத்தாமல்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜெவான் எழுதினான். அறுபத்தொரு பாகம், ஒவ்வொன்றுக்கும் படம், அளவு, எதன் பிறகு எது என்ற வரிசை. கடைசிப் பக்கத்தில், 'எண்ணெய் மூடியை ரொம்ப இறுக்காதீர்கள், அதற்குப் பிடிக்காது' என்று எழுதும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பக்கத்தில் டெல்ரீத்தா அவனுடைய காக்கிக் கால்சட்டையின் ஓரத் தையலைப் பிரித்து, கீழ்ப்பட்டியை லிண்டோவின் அளவுகோலுக்குச் சரியாக எட்டு அங்குல அகலம் ஆக்கிக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை, காற்றில் படபடக்கும் கால்சட்டையோடு அலுவலக ஜன்னலில் வந்து நின்றான். நாற்பது பக்க நோட்டை உள்ளே நீட்டினான்.

"இதைப் பட்டறையில குடுத்துடுங்க மிஸ் ஃபெர்ன். அப்படியே என் மாற்றுச் சான்றிதழ்."

மிஸ் ஃபெர்ன் வறுவல் பொட்டலத்தைக் கீழே வைத்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். கால்சட்டையைப் பார்த்தார்.

"என்ன சான்றிதழ்?"

"அந்தக் கடிதத்துல போட்டிருந்ததே மிஸ், திருப்பி அனுப்புறதா."

"ஓ, அதுவா? அதை வெச்சு இதுவரைக்கும் யாரையும் அனுப்பினதில்லையே," என்றார் மிஸ் ஃபெர்ன். "அதை வருஷா வருஷம் மிஸ் வின்சம் சொல்லச் சொல்ல நான்தான் ராசா டைப் அடிக்கிறேன், பேரை மட்டும் மாத்தி, போன வருஷம் கிமானி."