ஜாப் ஒர்க்கில் ஒரு சாக்லேட் ஃபட்ஜ்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். திருப்பூர்க்காரர்கள் இதை மரியாதைக்காகக் கேட்டுக்கொள்வார்கள், நம்ப மாட்டார்கள். சக்கரம் உருளும், அவ்வளவுதான். உலகைக் காப்பது ஜாப் ஒர்க்.

ஒரு பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டகையில் நிட்டிங். இன்னொன்றில் சாயம். வேறெங்கோ கட்டிங், வேறெங்கோ தையல், செக்கிங், அயர்னிங். இந்தப் பனியனைச் செய்தவன் நான் என்று சொல்ல ஒருவனும் கிடையாது. ஆனாலும் பனியன் பிறக்கிறது. கடவுளிடம்கூட இந்த அடக்கம் இல்லை. அவர் எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொல்லிக்கொள்கிறார்.

இந்தத் தத்துவத்தின் தூண்களில் ஒருவர் மகுடேஸ்வரன். அவருடைய ஏற்றுமதி நிறுவனத்தில் ஒரு தையல் மிஷின்கூட இல்லை. ஒரு நீள மேசை, ஒரு ஏசி, இரண்டு செல்போன். அதிலிருந்து மாதாமாதம் கண்டெய்னர் போகிறது.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி ஜனனி, சொந்த அடுப்பில், சொந்தக் கையால் சாக்லேட் ஃபட்ஜ் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா அருள்செல்வன் சேவூரில் பேக்கரி வைத்து நொடித்துப்போனவர். அவருடைய பன்னை யாரும் சீண்டவில்லை. ஃபட்ஜுக்கு மட்டும் ஆள் வந்தது. கடை போய்விட்டது, செய்முறை மகளிடம் தங்கியது. பால், சர்க்கரை, கோகோ, வெண்ணெய். பாகு ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மெத்தென்று உருள வேண்டும். இறக்கிய பிறகு அசைக்கக் கூடாது. பாத்திரத்தின் அடி உள்ளங்கை தாங்கும் சூட்டுக்கு வந்ததும் விடாமல் அடிக்க வேண்டும். பளபளப்பு மறைந்தால் உடனே தட்டில் கொட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கல்.

அவிநாசியில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் நல்லம்மாள், ஒரு விசேஷ வீட்டில் அதில் ஒரு துண்டைத் தின்றுவிட்டுக் கண்ணை மூடினார். திறந்ததும், "யார் செஞ்சது?" என்றார். ஒரு ரிசப்ஷனுக்கு முந்நூறு டப்பா சொன்னார்.

"இது நல்லா வந்துச்சுன்னா என்ற கைக்கு வர்ற முகூர்த்தம் அத்தனையும் உனக்குத்தான் கண்ணு. உம் பேரென்ன?"

ஜனனி தன் பெயரை யோசித்துத்தான் சொன்னாள். கல்யாணமானதிலிருந்து அழைப்பிதழ்கூட 'திருமதி மகுடேஸ்வரன்' என்றுதான் வருகிறது. அடுத்த நாளே டப்பா மூடிக்கு அச்சடிக்கக் கொடுத்தாள். 'ஜனனி' என்று மட்டும்.

அன்று மாலை மகுடேஸ்வரன் அடுப்படிப் பக்கம் வந்தார். கரண்டியால் கிணறு வெட்டுபவளைப் பார்ப்பதுபோல் மனைவியைப் பார்த்தார்.

"ஏம் புள்ள, எல்லாத்தையும் நீயேவா செய்யறே?"

"தெனம் நாலு தட்டு செஞ்சாப் போதுமுங்க. நாளைக்குள்ளயா கேட்டாங்க? நெறைய நாள் இருக்குது."

"நான் ஒருத்தன் இருக்கறப்ப நீ எதுக்குக் கஷ்டப்படறே?"

இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன என்பதைத் தனியே ஆராய வேண்டும்.

மறுநாள் நீள மேசையில் 'புரொடக்‌ஷன் மீட்டிங்' கூடியது. மேனேஜர் மணியன் பேனாவைத் திறந்தார்.

"எத்தனை புராசஸ் வருதுங்க மேடம்?"

"ஒண்ணுதானுங்க."

எல்லோரும் பெருந்தன்மையாகச் சிரித்தார்கள். பிறகு பிரித்துக் கொடுத்தார்கள். காய்ச்சுவது சேவூரில் கருப்புசாமி; அவரிடம் வெல்லம் காய்ச்சும் கொப்பரை சும்மா கிடந்தது. ஆறவைப்பது அவிநாசியில், ஏசி போட்ட துணி குடோனில். அடிப்பது குண்டடத்தில், அங்கே ஒரு பெரிய கிரைண்டர் இருந்தது. வெட்டுவது திருப்பூர் கட்டிங் டேபிளில். பேக்கிங் அதற்குப் பின்தெரு.

"அயர்னிங் வருதுங்களா?" என்றார் மணியன்.

"இல்லீங்க."

'பின்னர் முடிவு செய்யப்படும்' என்று எழுதிக்கொண்டார்.

"ஏனுங்க, ஆறும்போது அசையக் கூடாதுங்க," என்றாள் ஜனனி.

"அசையாம எப்படிப் புள்ள டெலிவரி பண்றது?"

இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே பதில் இல்லை.

குடும்பச் செய்முறை வெளியே கசியக் கூடாதல்லவா? ஆகவே ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதனதன் வரி மட்டும் சொல்லப்பட்டது. என்ன செய்கிறோம் என்பது யாருக்கும் தெரியாது. கருப்புசாமி மட்டும் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இத மாட்டுக்குக் குடுக்கறது காலைலயுங்களா, சாயங்காலமுங்களா?"

குறித்த நாளில் சேவூரில் பாகு காய்ந்தது. ஜனனி தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்த்தாள். மெத்தென்று உருண்டது. அப்பா கடையில் உருண்ட மாதிரியே. அண்டாக்களை டெம்போவில் ஏற்றினார்கள். அவளும் பின்னால் ஏறி, ஓர் அண்டாவைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தாள். வழியில் வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவரிடம், "அண்ணா, மெதுவாங்க," என்றாள். டிரைவர் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்து, "பயப்படாதீங்க, நான் இருக்கறேன்," என்றார். வேகத்தடையைப் பார்க்கவில்லை.

அவிநாசி குடோனில் சூப்பர்வைசர் பிரபாகர் கேட்டை மறித்தார்.

"டெலிவரி சலான் எங்கீங்க?"

"பின்னால வருதுங்க. உள்ள எடுத்து வெச்சுருங்க தம்பி."

"சலான் இல்லாம இன்வர்ட் போட்டு உள்ள எடுக்க முடியாதுங்க்கா."

சலான் வந்துகொண்டிருந்தது. வெயில் இருந்தது. ஜனனி அண்டாவின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். கை பொறுத்தது.

"தம்பி, பக்குவம் வந்துருச்சு. இப்பவே அடிக்கோணும்."

"அடிக்கறது நம்ம யூனிட் இல்லீங்களேக்கா. நமக்கு ஆறவெக்கறது மட்டும்தான்."

"அதான் ஆறிருச்சே!"

"உள்ள வராமயே ஆறுச்சுன்னா நாங்க எப்படிப் பில் போடறது?"

ஒரு கரண்டி கொடுங்கள் என்றாள். துணி குடோனில் கரண்டி ஏது? அவளுடைய மரக்கரண்டியை மணியன் முன்யோசனையோடு முந்தின நாளே குண்டடத்துக்கு அனுப்பியிருந்தார். டெம்போவில் கிடந்த ஸ்கேலை எடுத்து, ஓர் அண்டாவில் விட்டு அடித்தாள். இரண்டு சுற்று சுற்றியது. மூன்றாவதில் ஸ்கேல் நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. அப்போது சலான் வந்தது. பிரபாகர் உடனே கேட்டைத் திறந்து, மிகுந்த மரியாதையோடு அண்டாக்களை உள்ளே எடுத்தார்.

அதன் பிறகு எல்லாம் திட்டப்படியே நடந்தது. வேறெந்த ஊரிலும் இது நடந்திருக்காது. அங்கெல்லாம் யாராவது நிறுத்தியிருப்பார்கள். குண்டடத்தில் கடப்பாரையால் பெயர்த்துக் கிரைண்டரில் போட்டார்கள். அடிக்கச் சொன்னதால் அடித்தார்கள். திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் இரண்டு பிளேடு மாற்றினார். "ஜி.எஸ்.எம். ஜாஸ்திங்க," என்று துணியின் கனத்தைச் சொல்வதுபோல் சொன்னார். பேக்கிங்கில் பீகார்க்காரத் தம்பி ஒன்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, "பத்தர் ஹை," என்றான். கல் என்று இந்தியில் சொன்னதால் அது ரிப்போர்ட்டில் ஏறவில்லை.

ஜனனி என்று பெயர் போட்ட முந்நூறு டப்பாவும் சொன்ன நேரத்துக்கு மண்டபத்தில் இறங்கின.

நல்லம்மாள் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். பிறகு போன் செய்தார்.

"கண்ணு, அன்னிக்கு ஒரு துண்டு குடுத்தியே, அது யார் செஞ்சது?"

"நானுங்க."

"இது?"

ஜனனி யோசித்தாள். காய்ச்சியவர் ஒருவர். ஆறவைத்தவர் ஒருவர். அடித்தவர், வெட்டியவர், அடைத்தவர்.

"யாரும் இல்லீங்க."

"டப்பா மேல உம் பேருதானே கண்ணு இருக்குது?"

ஜனனி மிச்சமிருந்த ஒரு மூடியைக் கவிழ்த்து வைத்தாள். "நான் பந்திக்கு லட்டுப் பிடிக்கச் சொல்லிட்டேன். அடுத்த முகூர்த்தத்துக்கும் லட்டுதான். மனசுல வெச்சுக்காதே," என்று நல்லம்மாள் போனை வைத்தார்.

அடுத்த நாள் நீள மேசையில் விசாரணை. ஒவ்வொரு யூனிட்டும் தன் ரிப்போர்ட்டை வாசித்தது. காய்ச்சல் ஓகே. ஆறல் ஓகே. அடி ஓகே. கட்டிங் ஓகே. பேக்கிங் ஓகே. இப்படி ஒரு ரிசல்ட் பனியனில்கூட வந்ததில்லை என்று மணியன் நெகிழ்ந்தார்.

மகுடேஸ்வரன் வருத்தத்தோடு மனைவியைப் பார்த்தார்.

"எல்லாரும் அவங்கவங்க வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்காங்க புள்ள. அப்ப தப்பு உங்கப்பா சொன்ன முறைலதான் இருக்கோணும். சரி, விடு. இதுவும் ஒரு அனுபவம்."

ஜனனி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இந்த ஆத்தோரத்துல எந்தச் சாயப்பட்டறையக் கேட்டாலும், எங்க தண்ணி ஓகேங்கறாங்க. ஆறு மட்டும் இப்படிக் கருஞ்செவப்பாப் போகுது. அதுக்கும் எங்கப்பா சொன்ன முறைதான் காரணமுங்களா?"

மேசையைச் சுற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதில் சொல்வது எந்த யூனிட்டின் வேலை என்று இன்னும் பிரித்துக் கொடுக்கப்படவில்லை.