இரைகிற மோட்டாரும் இரண்டு சிவப்புத் திருகுகளும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் ஆசிகளோடு எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். நீ அனுப்பிய ரெக்கார்ட் பிளேயர்தான் சௌக்கியமாக இல்லை. அங்கே நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். சனியனை எங்கள் தலையில் கட்டிவிட்ட பிறகு உனக்கென்ன குறை?

வெள்ளிக்கிழமையோடு உன் அக்கா தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெறுகிறாள். ஞாயிறு மாலை அவளோடு வேலை பார்த்தவர்கள் இருபது பேர் வீட்டுக்கு வருகிறார்கள். கல்லூரி விழாவில் அவள் பாடியதை இசைத்தட்டாகப் போட்டுக் கொடுத்தார்களே, வீட்டில் பிளேயர் இல்லாமல் ஒரு தடவைகூடக் கேட்காமலே கிடந்ததே, அதை அவர்களுக்குப் போட்டுக் காட்டுவதாக வாய் தவறி வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு முன்வரிசையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாட்டைக் கண்கொட்டாமல் கேட்டுவிட்டுத்தான் நான் பெண் கேட்டு வந்தேன் என்பது ஊரறிந்த கதை. முப்பத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் எனக்குள்ள கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்தக் கதையால் வந்ததுதான்.

பெட்டி வந்ததும், பார்சல் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் பரிசோதகராக இருந்தவன் செய்ய வேண்டியதைச் செய்தேன். எது ஆடுகிறது என்று குலுக்கிப் பார்த்தேன். மோட்டார் பக்கத்தில் இரண்டு சிவப்புத் திருகுகள் நன்றாகவே இறுகியிருந்தன. பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று உன்னை மெச்சி, என் பங்குக்கு இன்னொரு சுற்று இறுக்கினேன். உள்ளே உன் உறை ஒன்றும் இருந்தது. பார்சலுக்குள் இருக்கும் கடிதத்தைப் பரிசோதகர் பிரிக்கக் கூடாது என்பது விதி. ஆள் ஓய்வு பெறலாம், பழக்கம் ஓய்வு பெறுமா? அலமாரியில் வைத்துவிட்டேன்.

சுவிட்சைப் போட்டால் கொர்ர்ர் என்று ஒரே இரைச்சல், அதற்கு அடியில் எங்கேயோ உன் அக்காவின் பாட்டு. இரண்டு சொட்டு எண்ணெய் விடலாமென்று போனேன், மூடி கையோடு வந்துவிட்டது, அரைப் புட்டியும் உள்ளே போய் பெல்ட் வழுக்கி, அக்காவின் குரல் ஆம்பிளைக் குரலாகிவிட்டது. பெல்ட்டை சோப்புப் போட்டுக் கழுவி மாட்டினேன், குரல் திரும்பியது, கொர்ர்ரும் கூடவே திரும்பியது. அடியில் ரப்பர் வைக்கலாமென்று என் புதுச் செருப்பை வெட்டி வைத்தேன், பலனில்லை, செருப்பும் போச்சு. ஒவ்வொரு தடவையும் எதற்கும் இருக்கட்டும் என்று அந்தச் சிவப்புத் திருகுகளை இன்னொரு சுற்று இறுக்கினேன். ஃபேன் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். அவர் திருப்புளியின் ஒரு முனையை மோட்டாரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல சார். இந்தச் சிவப்பு ஸ்க்ரூவைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். "அதுல மட்டும் கை வைக்காதீங்க, அது நான் இறுக்கினது" என்றேன். "அப்போ நீங்களே பாத்துக்குங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கீழ்வீட்டுப் பல் டாக்டர் மேலே வந்து, "சார், உங்க மெஷின் சத்தத்தைக் கேட்டு எங்கிட்ட வந்த ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கிட்டு ஓடிட்டாங்க. என் டிரில்லே இவ்வளவு சத்தம் போடாது" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். உன் அக்காவோ, "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு சத்தம் போகணும், இல்லேன்னா அது வீட்டை விட்டுப் போகணும். துணைக்கு நீங்களும் போனா இன்னும் நல்லது" என்கிறாள். எனக்கு அழுகையே வருகிறது. ஆகவே சனிக்கிழமைக்குள் வேறு மோட்டாரோடு நீ நேரில் வந்து நிற்க வேண்டும். வரவில்லையென்றால் இந்த வீட்டுப் படி ஏறாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் உன்னைப் போலில்லாமல் நன்றாக வளரட்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன அத்தான்

பி.கு.: பெட்டி மேலிருந்த உன் புது வீட்டு முகவரியை எண்ணெய் குடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் விதியை மீறி, அலமாரியில் இருந்த உறையைப் பிரித்தேன். "அத்தான், சிவப்புத் திருகுகள் வழியில் ஆடாமலிருக்க மட்டும். முதலில் அவற்றைத் தளர்த்திவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். தளர்த்தினேன். இரைச்சல் போயே போச்சு. உன் அக்கா ஆபீஸில் இருந்தாள். தனியாக உட்கார்ந்து கேட்டேன். என்ன குரலடா அது! கண் கலங்கிவிட்டது. இரண்டாவது சரணத்தில் மறுபடியும் கொர்ர்ர். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இசைத்தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், அப்போதும் கொர்ர்ர். சத்தம் மோட்டாரில் இல்லை, பாட்டோடு சேர்ந்து இசைத்தட்டிலேயே பதிவாகியிருக்கிறது. முன்வரிசையிலிருந்து வருகிறது, நடுநடுவே ஒரு விசிலோடு. உன் அக்கா முப்பத்திரண்டு வருஷமாகத் தினமும் கேட்கிற குறட்டை அது. ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். அடப்பாவி, பக்கத்திலேயே இருந்தாயே, விலாவில் ஒரு இடி இடித்திருக்கக் கூடாதா? நீ வர வேண்டாம். வேறு மோட்டாரும் வேண்டாம். இரண்டு திருகுகளையும் முன்பைவிட ஒரு சுற்று அதிகமாகவே இறுக்கிவிட்டேன். மோட்டார் இப்போது பிரமாதமாக இரைகிறது.