மூன்று முறை சொன்ன பதில்

வேலையாக இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அந்த மரியாதையால்தான் கோவையில் ஒரு ஆஸ்பத்திரி வார்டு முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

பித்தப்பையில் கல். மகளுக்கு அப்போது எட்டு மாதம். புட்டிப்பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆகவே எனக்கு ஒரே கேள்விதான்: ஆபரேஷன் முடிந்து எவ்வளவு நேரம் கழித்துத் தாய்ப்பால் கொடுக்கலாம்? முந்தைய நாளே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் கேட்டிருக்கலாம். அவர் அவசரமாக இருந்தார், விட்டுவிட்டேன். (எங்கள் ஊரான கருமத்தம்பட்டியில் ‘ஏனுங்க’ என்று கூப்பிடுவதற்கே நான்கு முறை யோசிப்போம்.)

மறுநாள் ஆபரேஷன் தியேட்டரில், மயக்கத்தைத் தொடங்க மிடசோலம் என்ற மருந்தை மெதுவாக ஏற்றப்போவதாகச் சொன்னார்கள். கையில் ஏதோ சில்லென்று ஏறியது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கண்விழித்தது வார்டில். கொஞ்ச நேரத்தில், அழுதுகொண்டிருந்த மகளை மாமியார் தூக்கி வந்தார்.

“பால் குடுத்துப்போடு கண்ணு, புள்ளைக்குத் தொண்டை காஞ்சுபோச்சு.”

பாலில் மருந்து கலந்திருந்தால்? கொடுக்க மாட்டேன் என்றேன். டாக்டர் என்னிடமே சொல்லியிருப்பாரே என்றார் வார்டு நர்ஸ். என்னிடமா? ஒரு வார்த்தை சொல்லவில்லை! டாக்டரோ அடுத்த ஆபரேஷனில் இருந்தார். ஒரு மணி நேரம் குழந்தை அழ அழ, வயிற்றில் தையலோடு சாய்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். ‘தாய்மார்களை மதிக்காத மருத்துவர்’ என்று தலைப்பு. கையெழுத்துக்குக் கீழே எம்.எஸ்சி. என்றும் போட்டேன்.

டாக்டர் வந்து பொறுமையாகப் படித்தார்.

“அம்மணி, மருந்து ஏறிட்டிருக்கறப்ப மூணு தடவை கேட்டீங்க. நாலு மணி நேரம் போதும்னு மூணு தடவையும் சொன்னனுங்க. நீங்களே திருப்பி ஒப்பிச்சீங்க.”

“கும்பிட வேற பாத்தீங்க,” என்றார் கூட வந்த தியேட்டர் நர்ஸ். “ஊசி ஏத்தற கைன்னு நாந்தான் புடிச்சு வெச்சேன்.”

அந்த மருந்து ஏறிய பிறகு நடப்பது நினைவில் தங்காதாம். மணியைப் பார்த்தேன். மருந்து ஏறி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெட்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. “மறந்துபோவேன்னு தெரிஞ்சும் எங்கிட்ட எதுக்குங்க சொன்னீங்க? வெளிய நின்ன அத்தைகிட்டச் சொல்லியிருந்தா புள்ளை இப்படி அழுதிருக்குமாங்க?”

“ஞாயந்தானுங்க,” என்றார் டாக்டர்.

ஞாயந்தான் என்று அவர் ஒப்புக்கொண்டது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. நான் ஒப்பித்ததும் கும்பிடப் பார்த்ததும் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். போன ஞாயிற்றுக்கிழமைகூட நாத்தனார் குடும்பம் ஏழு பேராகச் சாப்பாட்டுக்கு வந்து நின்றது. முன்கூட்டியே சொல்லக் கூடாதா என்று கணவரிடம் சீறினேன்.

“மூணு தடவை சொன்னேனே அம்மணி. நீ ஒப்பிச்சியே,” என்றார்.

சில மணி நேரத்தில் மயக்கம் இறங்கிவிடும் மருந்தாம் அது. எனக்கு அன்றே இறங்கிவிட்டது. மூன்று வருடமாகியும் இந்த வீட்டுக்கு மட்டும் இறங்கவில்லை.