உள்மடிப்பில் ஒரு சொட்டு

வளர்ச்சி வேந்தர் வருகிறார் என்றால் சும்மாவா? காலையிலேயே அரங்க வாசலில் கூட்டம் முண்டியடித்தது. பல் மருத்துவர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பூக்கடைக்காரர் பூவையெல்லாம் வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், கற்றுக்கொள்ள வந்த பெண்ணைப் பாதி வழியில் இறக்கிவிட்டு வந்தார் என்று கேள்வி. தொழிலைப் பெருக்குவது எப்படி என்று தெரிந்துகொள்வதற்காகத் தொழிலை மூடிவிட்டு வந்த கூட்டம் அது.

வேந்தர் எந்தத் தொழிலை நடத்தி வளர்ந்தார்? அதை யாரும் கேட்கவில்லை. கைரேகை பார்க்கிறேன் என்று அவர் தெருவோரம் உட்கார்ந்திருந்தால் இதே பல் மருத்துவர் சிரித்துக்கொண்டே தாண்டிப் போயிருப்பார். வேந்தர் கோட்டுப் போட்டிருந்தார். கைரேகைக்குப் பதிலாக 'அலை' பார்த்தார். பெயர்ப் பலகையில் 'தொழில் வழிகாட்டி' என்று இருந்தது. போதாதா?

மேடையில் கண்ணை மூடுவார். விரலை நெற்றியில் வைப்பார். "மூணாவது வரிசை, நீலச் சட்டை. எழுந்திருங்க நண்பரே," என்பார். அப்படித்தான் அன்று நம் சலவைக்கடைக்காரர் எழுந்தார்.

"ஆவி தெரியுது. சூடான ஆவி. எங்கேயோ ஒழுகுது," என்றார் வேந்தர்.

சலவைக்கடைக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. கடையில் நீராவி இஸ்திரிப் பெட்டி ஒழுகிக்கொண்டுதான் இருந்தது!

"ரெண்டாவது கடை திறக்கணும்னு துடிக்கிறீங்க. ஆனா உங்க ரத்தத்துலயே ஒருத்தர் காலைப் பிடிச்சு இழுக்கிறாங்க. அவங்க அலை தாழ்வா இருக்கு. அவங்க இருக்கிற வரைக்கும் உங்களுக்கு வளர்ச்சி இல்ல."

அரங்கம் கைதட்டியது. சலவைக்கடைக்காரர் கண் கலங்கி உட்கார்ந்தார். ரத்தத்தில் ஒருத்தர் என்றால் வேறு யார்? அக்காதான். இரண்டாவது கடை வேண்டாம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா போன நாளிலிருந்து கடையில் கறை மேசை அவளுடையது. மை, எண்ணெய், ரத்தம், பழச்சாறு எதுவானாலும் அவள் கைக்குத்தான் போகும். தம்பிக்கு மீசை அரும்பும் முன்பே அவள் அந்த மேசைக்கு வந்துவிட்டாள். அவனைப் படிக்க வைத்ததும் அந்த மேசைதான். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் துணியானாலும், எந்த மருந்தானாலும் நேராகக் கறையில் ஊற்ற மாட்டாள். முதலில் வெளியே தெரியாத உள்மடிப்பில் ஒரு சொட்டு விடுவாள். சாயம் போகிறதா என்று பார்ப்பாள். அப்புறம்தான் கறைப் பக்கம் போவாள்.

மறுநாள் அவள் ஒரு கருநீலக் கோட்டின் விளிம்பைப் பிரித்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தபோது தம்பி வந்து நின்றார்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"அப்போ கோவம் வர்ற மாதிரி ஏதோ சொல்லப் போற. சொல்லு."

"உன் அலை தாழ்வா இருக்காம்."

"எது?"

"அலைக்கா. உடம்பைச் சுத்தி இருக்குமாம். நீ கடையை விட்டு விலகினாத்தான் வளர்ச்சியாம். நான் சொல்லல, வேந்தர் சொன்னார்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தூரிகையைக் கீழே வைத்தாள். சொன்னது வேந்தர் என்பதல்ல, அதைக் கேட்டுக்கொண்டு வந்து தன் முகத்துக்கு நேரே ஒப்பித்தது தம்பி என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்த ஆளுக்கு என்னைத் தெரியுமா?"

"அதானேக்கா அதிசயம்! ரெண்டாவது கடைக்கு நீ குறுக்க நிக்கிறது தெரிஞ்சிருக்கு. பெட்டி ஒழுகறதுகூடத் தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல."

"ஒருத்தர்கிட்டயுமா?"

"சத்தியமா. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிச்சேன், அவ்வளவுதான். இலவசம். டீ குடுத்த பொண்ணு எவ்வளவு அன்பா பேசுச்சு தெரியுமா? கூடப் பிறந்தது மாதிரி அப்படி விசாரிச்சுச்சு!"

"என்ன விசாரிச்சுச்சு?"

"பொதுவாத்தான். கடை எப்படிப் போகுது, வீட்ல என்ன பிரச்சினை, அந்த மாதிரி."

அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். இவனைப் படிக்க வைத்த காசுக்கு இன்னொரு இஸ்திரிப் பெட்டி வாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவள் சொன்னது வேறு.

"அடுத்த கூட்டத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. அந்த ஆள் என் முகத்தைப் பார்த்து என் அலையைச் சொல்லட்டும். சரியாச் சொல்லிட்டா அங்கேயே கடைச் சாவியை உன் கையில குடுத்துட்டுப் போயிடறேன்."

சலவைக்கடைக்காரருக்கு மகிழ்ச்சி பொங்கியது. சண்டை சச்சரவு இல்லாமல் அக்கா விலகிவிடுவாள்! வேந்தரின் அலை இப்போதே வேலை செய்கிறதே என்று மெச்சிக்கொண்டார்.

அடுத்த கூட்டம் முன்னதைவிடப் பெரியது. "நீ போய் இடம் பிடி. நான் டீ குடிச்சிட்டு வரேன்," என்றாள் அக்கா. உள்ளேயிருந்து கண்ணாடிக் கதவு வழியாகத் தம்பி பார்த்தார். தட்டேந்திய பெண் அக்காவின் தோளில் கை வைத்திருந்தாள். அக்கா மூக்கை உறிஞ்சிக் கண்ணைத் துடைத்தாள். அப்பா போனபோதுகூட யார் கண்ணிலும் படாமல் அழுதவள் அவள். பாவம், மனசு திருந்திவிட்டாள் என்று நினைத்து இவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேந்தர் வந்தார். வாயருகே மைக் இருந்தது. காதுக்குள் ஒரு சின்ன வெள்ளைப் பொத்தான் இருந்தது. பேசுகிறவருக்குக் காதில் என்ன வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. பல் மருத்துவரை எழுப்பி, அவர் நாற்காலி கிரீச்சிடுவதைச் சொன்னார். பூக்கடைக்காரரை எழுப்பி, அவர் மைத்துனன் கடன் கேட்பதைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அரங்கம் "ஆ!" என்றது. பிறகு விரல் நெற்றிக்குப் போனது.

"அஞ்சாவது வரிசை ஓரம். கண்ணாடி போட்ட அம்மா."

அக்கா எழுந்தாள். தம்பி நாற்காலி நுனிக்கு வந்தார்.

"ஒரு முகம் தெரியுது. உங்க முகமேதான்! அதே மூக்கு. இரட்டைப் பிறவி! பிறந்த அன்னைக்கே பிரிஞ்சு போன தங்கச்சி. ஒரு கூடாரம்... மணல்... சிங்கம்! சர்க்கஸ்ல சிங்கத்தைப் பழக்கறாங்க. அவங்க கண்ணீர்தான் உங்க கடையை அழுத்துது!"

அரங்கமே எழுந்து நின்றது. சலவைக்கடைக்காரருக்குத் தலை சுற்றியது. நமக்கு இன்னொரு அக்காவா? அப்பா அடிக்கடி வெளியூர் போவாரே, சந்தேகப்படாமல் விட்டுவிட்டோமே! இரட்டை என்றால் அது அம்மாவுக்குத் தெரியாமல் பிறக்காது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. செத்துப்போன அப்பாவைச் சந்தேகித்தாரே தவிர, கண்ணெதிரே நின்ற வேந்தரைச் சந்தேகிக்க மனம் வரவில்லை.

"அக்கா! எனக்கு இன்னொரு அக்கா இருக்காளா? சிங்கத்தோடயா?" என்று கத்தினார்.

அக்கா நீட்டப்பட்ட மைக்கை வாங்கினாள். "உக்காருடா. ஒரு அக்காவே அதிகம்னுதானே என்னைக் கூட்டிட்டு வந்தே?"

பிறகு மேடையைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஐயா, எனக்குத் தங்கச்சியே கிடையாது. சர்க்கஸை நான் பார்த்ததுகூட இல்ல. இந்தச் சிங்கத்தை இப்பதான் வாசல்ல, டீ குடுத்த பொண்ணுகிட்ட அவிழ்த்து விட்டேன். நான் உக்கார்றதுக்குள்ள அது மேடைக்கு வந்துடுச்சு!"

"அம்மா, சிங்கம்ங்கறது ஒரு குறியீடு..." என்றார் வேந்தர்.

"மூக்குமா குறியீடு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேந்தரின் கை காதுக்குப் போனது. பொத்தானிலிருந்து உதவி எதுவும் வரவில்லை போலும்.

"இன்னைக்கு இவர் எழுப்பின எல்லாரையும் கேக்கிறேன். அந்தப் பொண்ணுகிட்ட நின்னு பேசினவங்க கையைத் தூக்குங்க," என்றாள் அக்கா.

பல் மருத்துவர் தயங்கித் தயங்கித் தூக்கினார். பூக்கடைக்காரர் தூக்கினார். எழுப்பப்பட்டவர்களில் தூக்காத கை இல்லை.

"டீ குடிக்காம நேரா உள்ள வந்தவங்கள்ல யாரையாவது எழுப்பினாரா?"

ஒரு கைகூட எழவில்லை. தேநீர் குடிக்காதவர்களுக்கு அலையே இல்லை! வாசலில் நின்ற பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மறு கையிலிருந்த போனை மறைத்தாள். சலவைக்கடைக்காரருக்கு அப்போதுதான் தாம் குடித்த தேநீர் ஞாபகம் வந்தது. ஒழுகும் பெட்டி, இரண்டாவது கடை, அக்காவோடு சண்டை எல்லாவற்றையும் சர்க்கரை கலக்கியபடியே அவரே கொட்டியிருந்தார்.

"எதிர்மறை அலை! எதிர்மறை அலை!" என்றார் வேந்தர். இசையைச் சத்தமாக வைத்தார்கள். அவர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார். கூட்டம் கத்தியது, கட்டணத்தைத் திருப்பிக் கேட்டது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் மட்டும், அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார். இதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது தம்பியால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஊரான் சொன்னான்னு உன்னைப் போகச் சொல்லிட்டேனேக்கா," என்றார்.

"எனக்கு வலிச்சதுடா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா யோசனை கேக்கறது தப்பில்ல. கேக்கற ஆளைப் பார்த்துக் கேளு."

அடுத்த வாரம் இருவரும் வேறொரு ஆலோசகரிடம் போனார்கள். மருந்துக்கடை மாடியில் ஒரு சிறிய அறையில் அந்த அம்மாள் தனியாக இருந்தார். தேநீர் கிடையாது, இசை கிடையாது. உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்.

"உங்க பேச்சைக் கேட்டு நொடிச்சுப் போனவங்க யாராவது உண்டா?"

தம்பிக்கு உடம்பு கூசியது. அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு செருப்புக் கடை. சீக்கிரம் பெரிசாக்கச் சொல்லிட்டேன், என் தப்பு. அவர் நம்பர் தரேன், பேசிட்டு அப்புறம் வாங்க. நான் நடத்தின துணிக்கடை விவரமும் தரேன், அதையும் விசாரிங்க. அப்புறம், உங்க கடையைப் பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அக்கா எழுந்தாள். "இவங்க சரி," என்றாள் தம்பியிடம். ஆனாலும் செருப்புக் கடைக்குப் பேசிய பிறகுதான் அந்த அம்மாளைத் தங்கள் கடைக்கு அழைத்தாள்.

வந்தவர் ஒரு நாள் முழுக்க மூலையில் நின்று பார்த்தார். போகும்போது, "இப்போ ரெண்டாவது கடை வேண்டாம். அக்காவுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா இந்தக் கடையே நின்னுடும். முதல்ல அவங்க இந்த வேலையை வேற யாருக்காவது கத்துக்குடுக்கணும்," என்றார். அக்காவுக்கு முகம் சுருங்கியது. யாரையும் அந்த மேசைப் பக்கம் விடாதவள் அவள்தானே. இரண்டு நாள் முணுமுணுத்தாள். மூன்றாம் நாள் தம்பியைக் கூப்பிட்டுத் தூரிகையைக் கையில் கொடுத்தாள்.

வேந்தருக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்பட வேண்டாம். நன்றாக இருக்கிறார். வேறோர் ஊரில், வேறொரு பட்டத்தோடு, அதே கோட்டில். அங்கேயும் தேநீர் இலவசம்தான். அங்கேயும் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஓடி வருகிறார்கள். ஒரு சட்டைக்கு மருந்து வைப்பதற்குமுன் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறோம். நம் தலையில் ஒருவன் வாளி வாளியாக ஊற்றும்போது மட்டும், தலையை இன்னும் நன்றாகக் குனிந்து காட்டுகிறோமே, ஏன்?